சர்ப்பகந்தியும் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும்

சுதேச வைத்தியம் பற்றிய வாதம் கீழைத்தேயங்களில் நூறாண்டுக்கு மேலாக நடைபெற்று வருகின்றது. முன்னோர் கையாண்ட மருந்து என்பதே அதன் மெய்ம்மைக்குப் போதிய சான்று என்பர் ஒரு சாரார். ஆய்வுகூடத்தில் நிறுவப்படாதது மருந்தேயன்று என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருக்கும் இடையே நின்று, பழைய மருந்துப் பெட்டியைத் திறந்து, அதனுள் இருக்கும் வேரையும் பட்டையையும் விதையையும் ஒவ்வொன்றாக எடுத்து, "இதனுள் அடங்கிய பொருள் யாது?" எனப் பொறுமையோடு வினாவியவர் சிலரே. அவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி. 1897ஆம் ஆண்டிற் பிறந்து 1994ஆம் ஆண்டில் மறைந்த இவ்விரசாயன அறிஞர், முதலில் இந்தியாவிலும் பின்னர்ப் பாகிஸ்தானிலும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மூலிகைகளை ஆராய்ந்தார். அவர் பெற்ற வெற்றியும், அவர் கைக்கு அண்மையில் வந்து எட்டாது போன வெற்றியும் ஒருங்கே வைத்து நோக்கத்தக்கவை. மூலிகையொன்று மருந்தாக மாறுதற்கு எத்தனை பேருடைய உழைப்பு ஒன்றுசேர வேண்டும் என்பதை அவ்விரண்டும் சேர்ந்தே உணர்த்துகின்றன.

அவருடைய பெயரோடு என்றும் இணைந்து நிற்பது சர்ப்பகந்தி என்னுஞ் செடியாகும். அலரியின் குடும்பத்தைச் சேர்ந்த இச்சிறு செடி இந்தியா, இலங்கை, பர்மா, தாய்லாந்து முதலிய நாடுகளின் ஈரலிப்பான காட்டு நிலங்களில் வளர்வது. கணுவொன்றுக்குப் பெரும்பாலும் மூன்று இலைகளும், செந்நிறக் காம்பிலே வெண்ணிறப் பூக்களும், முதிர்ந்தபின் கருநிறமடையுங் கனிகளும் உடையது. இதன் வேர் மிகக் கசப்பானது. சிங்கள வைத்தியர் இதனை எகவெரிய என்பர். பாம்புக்கடி, காய்ச்சல், வயிற்றுக் கோளாறு ஆகியவற்றுக்கு இவ்வேரை வைத்தியர் நெடுங்காலமாக வழங்கி வந்தனர். பீகார் நாட்டுப்புறத்தில் இது "பைத்தியக்காரரின் மருந்து" என்ற பெயரையே பெற்றிருந்தது. அங்கே அழுங் குழந்தைகளைத் துயிலச் செய்தற்கும் தாய்மார் இதனைச் சிறிதளவு கொடுப்பதுண்டு. கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கேய வைத்தியர் கார்சியா த ஓர்த்தா 1563ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இலங்கைத் தீவில் நாகத்தின் நஞ்சுக்கு மருந்தாக வழங்கிய ஒரு வேரைப் பற்றி எழுதினார். அவ்வேர் சர்ப்பகந்தியே என ஆராய்ச்சியாளர் கருதுவர். ஆயினும், தாவரவியலார் இச்செடிக்கு இட்ட பெயர் இந்நாடுகளுள் எதனோடும் தொடர்புடையதன்று. பதினாறாம் நூற்றாண்டில் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் வாழ்ந்த லெயோன்ஹார்ட் இறவுவுல்ப் என்ற வைத்தியரின் நினைவாக அப்பெயர் அமைந்தது. அவர் மேற்காசியா வரை யாத்திரை செய்தவர். இந்தியாவில் அடியெடுத்து வைத்தவரல்லர்.

இவ்வேரின் இரகசியத்தை அறியவேண்டும் என்ற ஆவல் ஓர் இரசாயனியின் உள்ளத்திலே தோன்றுமுன் ஒரு வைத்தியரின் உள்ளத்திலே தோன்றியிருந்தது. தில்லியிலே பரம்பரை பரம்பரையாக யூனானி வைத்தியஞ் செய்துவந்த புகழ்பெற்ற குடும்பத்தில் வந்தவர் ஹக்கீம் அஜ்மல் கான். இந்திய அரசியல் வரலாற்றைக் கற்போர் இவரை 1921ஆம் ஆண்டில் அகமதாபாத்திற் கூடிய காங்கிரஸ் மகாசபையின் தலைவராக அறிவர். ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் முதல் வேந்தரும் இவரே. தம் முன்னோரின் கலை அழிந்துபோகாதிருக்க வேண்டுமாயின் அது கல்லூரி வாயிலாகக் கற்பிக்கப்படவும், புதிய விஞ்ஞானத்தின் துணைகொண்டு சோதிக்கப்படவும் வேண்டும் என்று அவர் துணிந்தார். அவர் தில்லியில் அமைத்த ஆயுர்வேத யூனானி திப்பியாக் கல்லூரியை 1921ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆந் திகதி மகாத்மா காந்தி திறந்து வைத்தார். இந்து வைத்திய முறையும் முஸ்லிம் வைத்திய முறையும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்பட்ட அக்கல்லூரியோடு ஓர் ஆராய்ச்சி நிலையமும் இணைய வேண்டும் என்பது ஹக்கீமின் விருப்பம். அதனை நடத்தத்தக்க ஒருவரை அவர் தேடினார். அவர் கண்டுகொண்டவர் சித்திக்கி என்ற இளைஞர்.

சித்திக்கி 1897ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆந் திகதி, இலக்னோவுக்கு அண்மையில் உள்ள பாராபங்கி மாவட்டத்துச் சுபேஹா என்னும் ஊரிற் பிறந்தார். பிற்காலத்தில் முஸ்லிம் லீக்கின் தலைவர்களுள் ஒருவராக விளங்கிய சௌத்ரி கலீக்குஸ்ஸமான் இவருடைய தமையனார். அலிகாரிலே பயின்று 1919ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றபோது சித்திக்கி கற்றவை மெய்யியலும் பாரசீகமுமே, இரசாயனமன்று. 1920ஆம் ஆண்டில் வைத்தியங் கற்கும் நோக்குடன் இலண்டன் யூனிவர்சிட்டிக் கல்லூரியை அடைந்தார். ஓராண்டு கழிவதற்குள் அங்கிருந்து ஜேர்மனி சென்று, பிராங்போட் சர்வகலாசாலையில் இரசாயன மாணவரானார். முதல் உலகப் போரில் தோல்வியுற்ற ஜேர்மனி அக்காலத்திற் பெரும் பணவீக்கத்தால் வருந்திக்கொண்டிருந்தது. எனினும், அதன் ஆய்வுகூடங்கள் உலகின் மாணவரை ஈர்க்கும் ஆற்றலை இழந்தில. யூலியுஸ் பொன் பிரவுன் என்ற பேராசிரியரின் கீழ் ஆய்வு செய்து 1927ஆம் ஆண்டிற் சித்திக்கி கலாநிதிப் பட்டம் பெற்றார். அந்நகரில் அவர் ஓவியராகவும் அறியப்பட்டார். 1924ஆம் ஆண்டில் அவருடைய ஓவியங்கள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. ஜேர்மன் கவிஞர் றில்கேயின் கவிதைகளை உருதுவிற் பெயர்த்தவரும் அவரே.

அவர் ஜேர்மனியிற் கற்ற இரசாயனம் எத்தகையது என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். 1805ஆம் ஆண்டளவில் சேர்ட்டூனர் என்ற ஜேர்மன் மருந்தாளர் அபினியிலிருந்து மோர்பினைத் தூய பொருளாகப் பிரித்தெடுத்தார். 1820ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரத்துப் பெல்லெத்தியேயும் கவன்துவும் சின்கோனாப் பட்டையிலிருந்து குவினைனைப் பிரித்தனர். தாவரங்களில் உள்ள, நைதரசனைக் கொண்ட, காரத்தன்மை வாய்ந்த இத்தகைய பொருள்களை அல்கலோயிட்டுகள் என்பர். இவை சிறிதளவிலேயே உடலைப் பெரிதும் தாக்கவல்லவை. பட்டையை இடித்துக் கொடுத்த காலத்தில் அதன் வீரியம் மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் வேறுபட்டது. தூய குவினைன் கிடைத்த பின்னர் அளவறிந்து கொடுக்கும் வழி பிறந்தது. எனவே, மூலிகையின் பண்பு அதனுள் அடங்கிய ஏதோவொரு தூய பொருளின் பண்பே என்றும், அப்பொருளைப் பளிங்குருவிற் காண்பதே ஆராய்ச்சியின் குறிக்கோள் என்றும் ஐரோப்பிய இரசாயனிகள் கொண்டனர். சித்திக்கி தில்லிக்குக் கொணர்ந்த கொள்கையும் இதுவே. அதன் வலிமையையும் அதன் எல்லையையும் அடுத்த இருபத்தைந்தாண்டுகள் வெளிப்படுத்தின.

அவர் தாயகம் மீண்ட 1927ஆம் ஆண்டின் இறுதியில், டிசம்பர் 29ஆந் திகதி, ஹக்கீம் அஜ்மல் கான் காலமானார். புரவலரை இழந்த நிலையிலும் திப்பியாக் கல்லூரியின் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1940ஆம் ஆண்டு வரை சித்திக்கி அங்கே பணிபுரிந்தார். ஐரோப்பிய ஆய்வுகூடங்களின் வசதிகளோடு ஒப்பிட அங்கே அதிகமில்லை. ஆனால், ஐரோப்பாவில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது. எந்த வேரை, எந்த நோய்க்கு, எவ்வாறு கொடுப்பது என்று அறிந்த வைத்தியர் அதே வளவிலே வாழ்ந்தனர். காட்டிலுள்ள ஆயிரஞ் செடிகளுள் எதனை முதலில் எடுப்பது என்ற வினாவுக்கு அவர்களுடைய அனுபவம் விடையளித்தது. அஜ்மல் கான் சுட்டிக்காட்டியிருந்த செடிகளுள் ஒன்று சர்ப்பகந்தி.

அவ்வேரை ஆராய்ந்த முறை சொல்லுதற்கு எளியது, செய்தற்கு அரியது. உலர்ந்த வேரைப் பொடியாக்கி மதுசாரத்தில் ஊறவைத்துச் சாறு இறக்கல் வேண்டும். மதுசாரத்தை ஆவியாக்கியபின் எஞ்சும் குழம்பை ஐதான அமிலத்தோடு கலந்தால் அல்கலோயிட்டுகள் அமிலத்திற் கரையும். பிசினும் கொழுப்பும் பெரும்பாலும் பின்தங்கும். பின்னர் காரஞ் சேர்த்து அல்கலோயிட்டுகளை மீண்டும் வெளிப்படுத்தி, வெவ்வேறு கரைப்பான்களினால் ஒன்றையொன்று பிரித்து, பளிங்காகும் வரை திரும்பத் திரும்பத் தூய்மையாக்கல் வேண்டும். நிறமாலைக் கருவிகள் மிகுந்த இக்காலத்திற் சில நாட்களில் முடியும் வேலை, அக்காலத்தில் மாதக் கணக்காக நீண்டது. பொருளொன்று தூயதா என்பதை அதன் உருகுநிலையே பெரும்பாலும் சொல்லவேண்டியிருந்தது.

1931ஆம் ஆண்டில், ரபாத் ஹுசைன் சித்திக்கியுடன் சேர்ந்து தம் ஆய்வின் முடிவை அவர் இந்திய இரசாயனக் கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார். சர்ப்பகந்தி வேரில் ஐந்து அல்கலோயிட்டுகளைப் பளிங்குருவிற் கண்டதாக அக்கட்டுரை அறிவித்தது. வெண்ணிறமும் குறைந்த காரத்தன்மையும் உடையன மூன்று. அவை அஜ்மலின், அஜ்மலினின், அஜ்மலிசின். மஞ்சள் நிறமும் மிகுந்த காரத்தன்மையும் உடையன இரண்டு. அவை சர்ப்பென்டின், சர்ப்பென்டினின். பின்னைய இரண்டும் செடியின் பெயரால் அமைந்தன. முன்னைய மூன்றும் மறைந்த ஹக்கீமின் பெயரைத் தாங்கின. நூல்களிற் பெயர் பொறிக்கப்படுவோர் பலராயினும், ஒரு மூலக்கூற்றின் பெயரிலே நிலைபெற்ற சுதேச வைத்தியர் மிகச் சிலரே. பொருளைப் பிரித்தவன் தன் பெயரை இடாது, வழிகாட்டிய வைத்தியரின் பெயரை இட்டது நன்றி மறவாப் பண்புக்குச் சான்றாகும். ஆய்வுகூடமும் வைத்தியசாலையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று அறிவித்த செயலாகவும் அதனைக் கொள்ளலாம்.

இவ்வைந்து பொருள்களின் செயலைச் சித்திக்கி தவளைகளிற் சோதித்துப் பார்த்தார். இதயத்தையும் சுவாசத்தையும் நரம்புகளையும் அவை தாக்குவதைக் கண்டார். ஆனால், பீகார் மக்கள் அறிந்த உறக்கமும் அமைதியும் எங்கே? இந்த வினாவுக்கு அப்பளிங்குகள் தெளிவான விடை கூறவில்லை.

அதே 1931ஆம் ஆண்டிற் கல்கத்தாவிலிருந்து மற்றொரு கட்டுரை வெளிவந்தது. கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற வைத்தியர் இருவர், சர்ப்பகந்தி வேர்ப்பொடி பித்துக்கொண்டோரை அமைதிப்படுத்துவதையும், உயர்ந்த குருதியமுக்கத்தைத் தாழ்த்துவதையும் நோயாளரிற் கண்டு எழுதினர். 1933ஆம் ஆண்டில் கல்கத்தாவின் இராம்நாத் சோப்ராவும் அவருடன் பணிபுரிந்தோரும் அவ்வேரின் மருந்தியற் பண்புகளை ஆராய்ந்து வெளியிட்டனர். அடுத்த ஆண்டுகளில் ஒரு புதிர் தெளிவாகத் தோன்றியது. வேரின் முழுச் சாறு உறக்கத்தைத் தந்தது. சாற்றினின்றும் பிரித்த தூய பளிங்குகளோ அவ்வுறக்கத்தைத் தரவில்லை. 1940களில் நிகழ்ந்த ஆய்வுகள், அப்பண்பு பளிங்காகாத பிசின் போன்ற பகுதியிலே தங்கியிருப்பதைச் சுட்டின. இரசாயனி தேடிய அழகிய பளிங்குகள் ஒருபுறமிருக்க, அவர் ஒதுக்கிவைத்த பழுப்புநிற மீதியிலே நாட்டு மருந்தின் உயிர் மறைந்திருந்தது.

இவ்வுண்மை கண்முன் இருந்தும் இந்தியாவில் அந்த இறுதிப் படி ஏறப்படாமைக்குக் காரணம் யாது? அறிவுக் குறைவு காரணமன்று. முயற்சிக் குறைவும் காரணமன்று. வேலை பிளவுபட்டிருந்தமையே காரணமெனக் கொள்ளல் தகும். பளிங்கைக் கண்டவர் தில்லியில் இருந்தார். நோயாளரைக் கண்டவர் கல்கத்தாவில் இருந்தனர். ஒருவர் பிரித்த ஒவ்வொரு பகுதியையும் உடனுக்குடன் மற்றொருவர் விலங்குகளிற் சோதித்து, "தேடிய பண்பு இதில் இல்லை, விட்டுவைத்த அதில் உளது" என்று திருப்பிச் சொல்லும் ஏற்பாடு இருக்கவில்லை. அவ்வாறு சொல்லுவோர் இல்லாதவிடத்து, இரசாயனி பளிங்காகும் பொருளையே நாடிச் செல்வது இயல்பு. மேலும், அந்தப் பொருள் வேரிலே ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு அளவினதாகவே இருந்தது. வழிகாட்டியின்றி அதனைக் கண்டெடுத்தல் வைக்கோற்போரில் ஊசி தேடுவதற்கு ஒப்பாகும்.

1949ஆம் ஆண்டிற் பம்பாயின் இருதய வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல், உயர் குருதியமுக்கமுடைய ஐம்பது நோயாளரில் இவ்வேரைச் சோதித்த முடிவுகளைப் பிரித்தானிய இருதய ஏட்டில் வெளியிட்டார். மேலை நாட்டு வைத்தியரின் கவனம் அன்றே இச்செடியின்மேல் முழுமையாகத் திரும்பியது எனலாம். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்துச் சீபா மருந்து நிறுவனத்தில் முல்லர், சிலிட்லர், பைன் ஆகிய மூவர் இதனை ஆராய்ந்தனர். முதலிருவரும் இரசாயனிகள், மூன்றாமவர் மருந்தியலறிஞர். பிரிக்கப்பட்ட பகுதிகளை உடனடியாக விலங்குகளிற் சோதித்து, உறக்கந் தரும் பகுதியை மட்டும் அவர்கள் பின்தொடர்ந்தனர். 1952ஆம் ஆண்டில் அந்தப் பிசின் போன்ற மீதியிலிருந்தே புதியதோர் அல்கலோயிட்டைப் பளிங்குருவிற் பெற்றனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ரிசர்ப்பின்.

ரிசர்ப்பினின் புகழ் விரைந்து பரந்தது. 1954ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் நதன் கிளைன் மனநோயாளரில் அதன் பயனை அறிவித்தார். விலங்கிடப்பட்டும் அடைக்கப்பட்டும் கிடந்த நோயாளரை மருந்தினால் அமைதிப்படுத்தலாம் என்ற நம்பிக்கை பிறந்த காலம் அது. 1956ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் வூட்வேட் அச்சிக்கலான மூலக்கூற்றை ஆய்வுகூடத்திலேயே தொகுத்தமைத்தார். 1957ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டு அர்விட் கார்ல்சன், ரிசர்ப்பின் கொடுத்ததால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோப்பா என்ற பொருளைக் கொடுத்து அவற்றை மீண்டும் எழச் செய்தார். மூளையில் டோபமின் என்னும் பொருளின் பங்கை உணர்த்தி, நடுக்குவாத நோயின் சிகிச்சைக்கு வழிதிறந்த அவ்வாராய்ச்சிகளுக்காக அவர் 2000ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றோருள் ஒருவரானார். பீகாரின் தாய்மார் குழந்தையின் நாவிலே தடவிய கசப்பு, மூளையின் இயக்கத்தை அறிதற்குரிய கருவியாக மாறியது.

ஆயினும், இவ்வரலாற்றை வெற்றிப் புராணமாகப் பாடுதல் பொருந்தாது. ரிசர்ப்பினை மிகுதியாகப் பயன்படுத்தியோருட் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளாயினர் என்று வைத்தியர் அறிவித்தனர். 1974ஆம் ஆண்டில் அது மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடையதாகலாம் என்று வெளிவந்த ஆய்வுகள் அச்சத்தை விளைத்தன. அத்தொடர்பு பின்னர் உறுதிப்படவில்லை. குறைந்த தீங்குடைய புதிய மருந்துகள் வந்தபின் அதன் வழக்குக் குறைந்தது. செடிக்கும் இடர் நேர்ந்தது. உலகச் சந்தை வேரைக் கேட்டபோது காடுகளிலிருந்து அது வேரோடு அகழப்பட்டது. வேருக்காக அகழப்படுஞ் செடி மீண்டுந் தளிர்ப்பதரிது. 1950களில் இந்திய அரசு வேரின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. அருகிவரும் உயிரினங்களின் வியாபாரம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இன்று சர்ப்பகந்தியும் இடம்பெற்றுள்ளது. பழைய மருந்தும் அளவு மீறின் தீங்கு செய்யும் என்பதும், மூலிகையைப் புகழ்வோர் அதனைப் பேணவும் கடமைப்பட்டோர் என்பதும் இதனாற் பெறப்படும்.

சித்திக்கியின் பளிங்குகள் பயனற்றுப் போகவுமில்லை. அஜ்மலின் இதயத்துடிப்பின் ஒழுங்கீனத்தைச் சீர்செய்யும் மருந்தாக ஐரோப்பாவில் வழங்கியது. 1992ஆம் ஆண்டில் புருகாடா என்னும் உடன்பிறந்தோர் விளக்கிய, திடீர் மரணத்தை விளைக்கவல்ல இதயக் கோளாறு ஒன்று உண்டு. அக்கோளாறு உடலில் மறைந்திருப்பதைக் கண்டறியும் சோதனைக்கு இன்று வைத்தியர் அஜ்மலினைப் பயன்படுத்துகின்றனர். 1931ஆம் ஆண்டில் அப்பொருளைப் பிரித்தவர் இப்பயனை எதிர்பார்த்திருத்தல் இயலாது. தூய பொருளொன்றைத் தெளிவாக விவரித்து ஏட்டிற் பதித்துவைப்பவன் பிற்காலத்தார்க்கு ஒரு வைப்பை விட்டுச்செல்கின்றான்.

1940ஆம் ஆண்டிற் சாந்தி சுவரூப் பட்னாகரின் தலைமையில் இந்திய அரசு விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிச் சபையை அமைத்தபோது சித்திக்கி அதிற் சேர்ந்தார். இக்காலத்தில் அவருடைய கவனம் வேம்பின்மேற் சென்றது. வேம்பின் பயனைத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அம்மை கண்ட வீட்டின் வாயிலிலும், வயிற்றுப்புழுவுக்கு அரைக்கும் அம்மியிலும், நெல்லும் பயறும் சேமிக்கும் இடத்திலும் அதன் இலையைக் காணாத ஊர் எது? ஆயினும், அந்தக் கசப்பு எப்பொருளின் கசப்பு என்பதை எவரும் தெளிவாகக் கண்டிலர். 1942ஆம் ஆண்டிற் சித்திக்கி வேப்பெண்ணெயிலிருந்து மூன்று கசப்புப் பொருள்களைப் பிரித்து அறிவித்தார். அவற்றின் பெயர்கள் நிம்பின், நிம்பினின், நிம்பிடின். வேம்பைக் குறிக்கும் நிம்பம் என்ற சொல் இவ்வாறு உலக இரசாயன நூல்களில் ஏறியது. பூச்சிகள் வேம்பை உண்ணாது விலகுதற்குப் பெருங்காரணமான அசாடிராக்டின் என்ற பொருளை 1968ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பட்டர்வேத், மோர்கன் என்போர் பிரித்தனர். எனினும், வேம்பின் இரசாயனத்துக்கு முறையான வாயிலைத் திறந்தவர் சித்திக்கியே.

இப்பணியின் மற்றொரு பெறுமதி பிற்காலத்திலேயே புலனாயிற்று. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிர்ப் பூஞ்சணத்தைத் தடுக்கும் முறையொன்றுக்கு, அமெரிக்க அரசின் விவசாயத் திணைக்களமும் ஓர் அமெரிக்க நிறுவனமும் 1994ஆம் ஆண்டில் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. அது புதிய கண்டுபிடிப்பன்று, இந்தியாவில் முன்னரே வழங்கியது என்று எதிர்ப்பு எழுந்தது. 2000ஆம் ஆண்டில் அவ்வுரிமை நீக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டில் மேன்முறையீடும் தள்ளப்பட்டது. "எங்கள் முன்னோர் அறிந்ததே" என்ற பெருமிதம் மட்டும் நீதிமன்றில் நில்லாது. யார், எப்பொழுது, எதனை, எவ்வாறு செய்தனர் என்று காட்டுஞ் சான்று வேண்டும். வாய்மொழியாக வந்த அறிவை அளந்து, எழுதி, அச்சிட்டு வைக்கும் ஆராய்ச்சி, அவ்வறிவைச் சோதிப்பதோடு அமையாது அதனைக் காப்பாற்றவுஞ் செய்யும்.

1947ஆம் ஆண்டில் இந்தியா பிரிவுற்றது. தமையனார் பாகிஸ்தானின் அரசியலிற் புகுந்தபின்னரும் சித்திக்கி நான்கு ஆண்டுகள் இந்தியாவிலேயே பணிபுரிந்தார். பாகிஸ்தானின் பிரதமர் லியாகத் அலி கானின் அழைப்பை ஏற்று 1951ஆம் ஆண்டிற் கராச்சி சென்றார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. பழகிய ஆய்வுகூடத்தையும் சக ஆராய்ச்சியாளரையும் நீங்கி, ஆய்வுகூடமே அரிதாயிருந்த புதிய நாட்டில் மீண்டும் தொடங்கவேண்டிய நிலை. அவரை அழைத்த பிரதமர் அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் கொலையுண்டார். இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் தில்லியில் நேர்ந்ததுபோலவே, புரவலரை இழந்த பின்னும் பணி நின்றுவிடவில்லை. 1953ஆம் ஆண்டிற் பாகிஸ்தான் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் அவரது தலைமையில் நிறுவப்பெற்றது. கராச்சி, லாகூர், பெஷாவர், டாக்கா முதலிய நகரங்களில் அதன் ஆய்வுகூடங்கள் எழுந்தன. 1961ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராகத் தெரிந்தது.

1966ஆம் ஆண்டில், அறுபத்தொன்பதாம் வயதளவில், அவர் அம்மன்றத்தின் தலைமையிலிருந்து ஓய்வுபெற்றார். ஓய்வு என்பது பெயரளவிலேயே அமைந்தது. அடுத்த ஆண்டிலேயே கராச்சிச் சர்வகலாசாலையில் முதுநிலை இரசாயன ஆராய்ச்சி நிலையமொன்றை அமைக்கத் தொடங்கினார். 1976ஆம் ஆண்டில் ஜமால் குடும்பத்தார் அளித்த பெருநன்கொடையின் பின் அது ஹுசைன் இப்ராஹீம் ஜமால் இரசாயன ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரைப் பெற்றது. வேம்பின் ஆராய்ச்சி அங்கே பீனா சித்திக்கி முதலியோரின் துணையுடன் தொடர்ந்தது. 1990ஆம் ஆண்டு வரை சித்திக்கியே அதன் இயக்குநர். பின்னர் அப்பொறுப்பு அத்தா-உர்-ரகுமானிடம் சென்றது. சித்திக்கியின் மறைவுக்குப் பின், அந்நிலையத்தின் அருகே மூலக்கூற்று வைத்தியத்துக்கும் மருந்தாராய்ச்சிக்கும் உரிய பஞ்சவானி நிலையமும் எழுந்து, இரண்டும் ஒரே அமைப்பில் இணைந்தன. பளிங்கைப் பிரிப்போரும் அதன் செயலைச் சோதிப்போரும் ஒரே வளவிற் பணிபுரியும் ஏற்பாடு, தில்லியில் 1931ஆம் ஆண்டில் இல்லாதிருந்த ஏற்பாடு, இவ்வாறு கராச்சியில் உருவாயிற்று.

1994ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆந் திகதி, தொண்ணூற்றாறாம் வயதில், சித்திக்கி கராச்சியிற் காலமானார். ரிசர்ப்பினை அவர் தவறவிட்டார் என்று சுருங்கச் சொல்லி அவருடைய வாழ்வை அளந்துவிடுதல் எளிது. அவ்வாறு அளப்பது நீதியன்று. சர்ப்பகந்தியின் வரலாற்றில் ஒருவரே முழுமையாகச் செய்த செயல் எதுவுமில்லை. பெயரறியாத நாட்டு வைத்தியர் வேரை அறிந்தனர். அஜ்மல் கான் அதனைச் சுட்டினார். சித்திக்கி அதனுள் இருந்த முதற் பொருள்களைக் கண்டார். சென்னும் போசும் வக்கீலும் நோயாளரிற் சோதித்தனர். பாசல் நகரத்தார் இறுதிப் பொருளைப் பெற்றனர். இவர்களுள் முந்தியவர் இல்லையேல் பிந்தியவர் இல்லை. ஆனால், பிந்தியவரிடம் இருந்த ஒற்றுமையான அமைப்பு முந்தியவரிடம் இருக்கவில்லை.

ஆகவே, சுதேச வைத்தியத்தின் பெருமையைப் பேணக் கருதும் நாடுகள் இவ்வரலாற்றினின்றும் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. வைத்தியரின் ஏடு ஓரிடத்திலும், இரசாயனியின் குடுவை வேறோரிடத்திலும், நோயாளியின் படுக்கை மற்றோரிடத்திலும் இருக்கும்வரை, எத்துணைத் திறமையாளர் தோன்றினும் வேலை இடைவழியிலேயே நின்றுவிடும். மூன்றும் ஒருங்கு சேருமாயின், பழமையை வீணே புகழ்வதற்கும் வீணே இகழ்வதற்கும் இடமிராது. பயனுள்ளது நிலைக்கும், அல்லது நீங்கும். ஓவியமும் கவிதையும் இரசாயனமும் ஒருங்கே அறிந்த சித்திக்கி, தில்லியின் ஹக்கீம் ஒருவரின் கனவைத் தலைமேற் கொண்டு, இரு நாடுகளிலே, மும்முறை, ஆய்வுகூடங்களை எழுப்பினார். அவர் கண்ட பளிங்குகளினும் நெடிது பயன்தருவன அவ்வாய்வுகூடங்களே.